பத்து நாள் பார்க்க வேண்டிய பூனை

காலை ஆறு மணி பத்து நிமிடம். ஷீட் புரையின் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு தேங்காய்ச் சிரட்டை. ரோலர் மிஷினின் காலடியில், தரையில் இருந்தது. அதன் அடியில் வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. ரப்பர் பால் என்று நினைத்தேன். அந்தப் புரையில் வெள்ளையாக உறைந்து கிடப்பது வேறு எதுவும் இல்லை. சிரட்டைக்கு இரண்டடி தள்ளி ஒரு பூனைக்குட்டி நின்றது.

புரை என்பது பத்துக்கு எட்டடி அறை. எங்கள் மரங்களிலிருந்து எடுக்கும் ரப்பர் பாலில் ஆசிட் கலந்து உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் ஆக்கும் இடம். வீட்டிலிருந்து முந்நூறு மீட்டர், நடுவில் சானல். நெய்யாற்றுத் தண்ணீர் வரும் அந்தக் கால்வாயைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டால் பூனை திரும்பி வராது என்று இரண்டு கரையிலும் நம்புகிறார்கள். அக்கரைக்காரர்கள் தங்கள் குட்டிகளை இங்கே கொண்டுவந்து விடுவார்கள். இங்குள்ளவர்கள் அங்கே கொண்டுபோய் விடுவார்கள். எப்போது போனாலும் சானல் கரையில் ஏதாவது ஒரு குட்டி கத்திக்கொண்டிருக்கும்.

இது கத்தவில்லை. சாம்பல் நிறம், முன்னங்கால் ஒன்று மட்டும் வெள்ளை. வாய் பாதி திறந்திருந்தது. கீழ்த்தாடையிலிருந்து எச்சில் நூலாக இறங்கித் தரையைத் தொட்டது. விழுங்கப் பார்த்தது, கழுத்து நீண்டது, முடியவில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதன் பக்கமாகத் தள்ளினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இரண்டு வாரங்களுக்கு முன் சந்திப்பில் மூன்று ஆடுகளைக் கடித்த வெறிநாயொன்று மறுநாள் செத்துக் கிடந்தது. தெருவில் திரியும் எந்த மிருகத்தையும் தொட வேண்டாம் என்று ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அதை முழுவதும் நின்று கேட்டவள் நான். இருந்தும் ஒரு சாக்கை மடித்து அந்தக் குட்டியைத் தூக்கினேன்.

கடித்தது. வலது கையில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில். இரண்டு புள்ளிகள் முதலில் வெள்ளையாக இருந்தன, பிறகு சிவந்தன. அப்போது மணி ஆறு பதினான்கு.

கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பது எனக்குத் தெரியும். குழாயைத் திறந்து, இடது கையில் கைபேசியை வைத்துக்கொண்டு நேரம் பார்த்தபடி கழுவினேன். ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். இந்த மாதிரிச் செய்திகளை இரண்டு பத்திக்குச் சுருக்குவது என் வேலையாக இருந்தது. கடித்தது வளர்ப்பு மிருகமாக இல்லாவிட்டால் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றேதான்: அந்த மிருகத்தைப் பின்னர் காண முடியவில்லை. இடம் போதாதபோது நான் முதலில் வெட்டியது அந்த வரியைத்தான்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் வெட்டுக்காரர் வந்தார். பத்து வருடமாக எங்கள் ரப்பர் மரங்களை வெட்டிப் பாலெடுப்பவர், அறுபது தாண்டியவர். விடியுமுன் வந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவார். தலைவிளக்கு அணையாமல் இன்னும் எரிந்தது. என் கையைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். பிறகு சிரட்டையைப் பார்த்தார்.

"கடிச்சா மக்கா?"

"ஆமா அண்ணே."

"எந்தரு பணியாக்கும் நீ செஞ்சது! போ, போயி ஊசி போடு. நிக்காத."

சிரட்டையைக் குனிந்து எடுத்தார். உள்ளே இருந்ததை விரலால் தோண்டி ஒட்டுபால் சாக்கில் போட்டார். மரத்தில் வழிந்து காய்ந்ததையும் சிரட்டையில் மிஞ்சி உறைந்ததையும் அந்தச் சாக்கில்தான் சேர்ப்போம். தினமும் அவர் செய்கிற காரியம். அதனால் பார்த்தேனே தவிர யோசிக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் கையைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: "பூச்ச எவிடே இப்போ?"

பூனை புரையில் இருக்கிறது என்றேன்.

"பூட்டியிட்டோ?"

இல்லை என்றேன். கதவுக்குக் கீழே நாலு விரல் இடைவெளி உண்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டு தோளிலும் ஊசி போட்டார்கள். கடித்த இடத்தில், அந்த இரண்டு புள்ளிகளுக்குள்ளேயே, சீரம் ஏற்றினார்கள். அதன் வலி எப்படி இருந்தது என்று சொல்ல முடியவில்லை. அப்போது நான் கதவிடுக்கைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் ஒரு சீட்டில் நாலு கட்டம் போட்டு முதல் கட்டத்தில் தேதி எழுதினார். இன்றைய நாள் பூஜ்யம், பிறகு மூன்று, ஏழு, இருபத்தெட்டு. பூனையைப் பத்து நாள் கண்ணிலிருந்து விடக் கூடாது. பத்து நாளும் அது உயிரோடு நன்றாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை. அதை அவர் மலையாளத்தில், அவசரமில்லாமல், இரண்டு முறை சொன்னார்.

"இல்லையென்றால்?" என்று கேட்டேன்.

"அதினெ விடாதே, கேட்டோ" என்றார்.

புரைக்குத் திரும்பியபோது பன்னிரண்டு நாற்பது. கதவு சாத்தியிருந்தது. சிரட்டை அடுக்கு, பால் வாளிகள், மேல் தட்டில் மூடி போட்ட ஆசிட் பாட்டில் எல்லாம் இருந்தன. குட்டி இல்லை. மண்டியிட்டு ரோலருக்கு அடியில் பார்த்தேன். இல்லை. சாக்குகளை ஒவ்வொன்றாக நகர்த்தினேன்.

"இஞ்ச உண்டு" என்று வெளியே குரல் கேட்டது. வெட்டுக்காரர் தன் வீட்டுக் கோழிக்கூட்டைத் தலையில் சுமந்து கொண்டுவந்து வேலியோரம் வைத்திருந்தார். குட்டி அதற்குள் சுருண்டிருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். விலா ஏறி இறங்கியது.

மதியம் கூட்டோடு ஆட்டோவில் மிருக ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட்டை மடியில் வைத்துக்கொள்ள எனக்குப் பயமாக இருந்தது. வெட்டுக்காரர் வைத்துக்கொண்டார். டாக்டர் இரண்டு கையுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, குட்டியின் வாயைத் திறந்து டார்ச் அடித்தார்.

"நாக்கு வெந்திருக்கு. மேலண்ணமும். சூடா எதாவது நக்கிச்சா? ஆசிட் வல்லதும்?"

ஆசிட் மேல் தட்டில் மூடியோடு இருக்கிறது என்றேன். அது உண்மை. வெட்டுக்காரர் கூட்டின் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்த நோய் இல்லைதானே?" என்று கேட்டேன்.

"வாய் வெந்தாலும் எச்சில் வரும். மற்றதுக்கும் வரும். ரெண்டும் ஒண்ணா இருக்கவும் செய்யலாம். பத்து நாள் கழிஞ்சா சொல்லுவேன்." கையுறையைக் கழற்றினார். "ஆனா இது பத்து நாள் கெடக்கணும்லா. ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா சிரிஞ்சில ஆகாரம் குடுக்கணும். கைக்கு உறை இல்லாம தொடக் கூடாது. சூடு வேணும். இந்த மழையில உங்க புரையில போட்டா ரெண்டு நாள் தாண்டாது. வீட்டுக்குக் கொண்டு போங்க."

அதற்குள் செத்துப்போனால் என்ன செய்வது என்று கேட்டேன். உடனே தகவல் சொல்ல வேண்டும், தலையை எடுத்து ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார். பிறகு கேட்டார்: "வீட்டுல ஆரெல்லாம் உண்டு?"

கணவர் என்றேன். நாலு வருடத்துக்கு முன் சிறுநீரகம் மாற்றி வைத்தவர் என்றேன். டாக்டர் மேசையில் வைத்திருந்த டார்ச்சை அணைத்தார்.

சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தார்கள். எவற்றிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்ற பட்டியல். முதலில் வேகாத உணவு, இரண்டாவது தோட்டத்து மண், மூன்றாவது பூனை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகள், மற்ற எதையும் எதிர்க்கும் பலத்தையும் எடுத்துவிடும். அந்தத் தாள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்குச் சானல் பாலத்தில் நின்றேன். கூட்டை வெட்டுக்காரர் கைப்பிடிச் சுவரில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டார். வலது பக்கம் புரை, இடது பக்கம் வீடு. புரையில் விட்டால் குட்டி செத்துவிடும். செத்தால் ஆய்வகத்துத் தாள் வருகிற வரைக்கும், அதில் ஒரு சொல்லைப் படிக்கிற வரைக்கும், நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால் என் பயத்தைத் தீர்க்கக் கணவரைப் பணயம் வைக்கிறேன். மழை தூறத் தொடங்கியது. குட்டி கண்ணைத் திறக்கவே இல்லை.

"எங்க கொண்டு போவ, சொல்லு" என்றார் வெட்டுக்காரர். "எனக்க வீட்டுல ரெண்டு நாயி உண்டு. கூட்டோட தின்னும். இல்லெங்கி நான் கொண்டு போயிருப்பேன்."

"புரையிலயே வையுங்க அண்ணே. நான் ஒரு மணிக்கூருல வாறேன்."

வீட்டில் கணவர் முன்னறையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்ததும் ஒலியைக் குறைத்தார்.

"கையில என்ன கெட்டு?"

"ரோலர்ல மாட்டிச்சு."

"ரோலர்ல மாட்டினா கை சப்பிப் போவும். உனக்கு ரெண்டு தோளுலயும் பஞ்சு ஒட்டியிருக்கு. ரோலர் தோள்ல ஏறிச்சா?"

சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு கட்டங்களையும் படித்தார். நிமிர்ந்து, காலையில் நர்ஸ் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"பூச்ச எங்க?"

"புரையில."

"சாவுமா?"

"அங்க கெடந்தா சாவும்."

"செத்தா?"

தலையைப் பற்றிச் சொன்னேன். டிவியில் யாரோ சிரித்தார்கள். அவர் அதை அணைத்தார்.

"ஊசி போட்டா பின்ன ஒண்ணும் வராதுல்லா?"

"வராது" என்றேன். 'ஊசி போட்ட பிறகும்' என்று தொடங்கும் ஒரு மரணச் செய்தியை நானே திருத்தி அனுப்பியிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. காயத்துக்குள் சீரம் போட்டிருக்கிறார்கள், உடனே கழுவியிருக்கிறேன், அந்தச் செய்தியும் இதுவும் ஒன்றல்ல என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று மதியமே புரையில் என் தண்ணீர்த் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன்.

அவர் எழுந்து மாத்திரைப் பெட்டியைத் திறந்து எண்ணினார். பிறகு அலமாரியிலிருந்து தோள்பையை எடுத்தார்.

"எங்க போறீங்க?"

"காட்டாக்கடை. அக்காக்க வீட்டுக்கு. பத்து நாள்."

"எதுக்கு?"

"அவளுக்க சாமானம் கொஞ்ச நாள் அவளுக்க வீட்டுல கெடக்கட்டும்." அவர் உடம்பில் இருப்பது அந்த அக்காவின் சிறுநீரகம். சட்டைகளை மடித்துக்கொண்டே சொன்னார்: "பேப்பர்ல என்ன எழுதியிருக்கு? பூச்ச இருக்க எடத்துல நான் இருக்கக் கூடாது. அவ்வளவுதானே. பூச்ச வரக் கூடாதுண்ணு எழுதல்ல. ஏட்டி, இப்பிடி நிக்காத. போயி அத எடுத்துட்டு வா. செத்துக்கித்துப் போச்சுண்ணா நான் போனது வெறுதே ஆயிரும்."

ஐந்தரை மணி பஸ்ஸில் போனார். படியில் ஏறும்போது என் கட்டுப் போட்ட கையைத் தொட வந்து, நான் இழுத்துக்கொண்டதும் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டார். ஆறேகாலுக்குக் கூடு எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்தது. அடியில் பழைய போர்வை, மேலே நாற்பது வாட் பல்பு. கையுறையோடு குட்டியை எடுத்து, முன்பு சமையலறையில் இருந்து இனி அங்கே திரும்பப் போகாத தராசில் வைத்தேன். முந்நூற்று முப்பது கிராம்.

மூன்றாம் நாள் இரண்டாவது ஊசி போட்டுவிட்டுப் புரைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. ஒட்டுபாலை வெயிலில் காயப்போட வேண்டும். சாக்கைத் திண்டில் கவிழ்த்தேன். ரப்பர் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஒரு துண்டு கையில் பொடிந்தது. சிரட்டையின் அடி வடிவத்தில், சுண்ணாம்பு போல உதிர்ந்தது. முகர்ந்தேன். மேலே ஆசிட், அடியில் புளித்த பசும்பால்.

சிரட்டை அடுக்கை இறக்கினேன். நாலாவதாக இருந்தது நான் தேடியது. விளிம்பில் அரத்தால் நான் போட்ட வெட்டு இருந்தது. ஆசிட் அளக்க எத்தனையோ கண்ணாடிக் குவளைகள் கிடைக்கும். இங்கே எல்லாப் புரைகளிலும் ஒரு சிரட்டையில் அடையாளம் போட்டு அதைத்தான் வைத்திருப்போம். கடிபடுவதற்கு முந்தின நாள் மழை வந்ததும், அளந்த சிரட்டையைக் கழுவாமல் மற்ற சிரட்டைகளோடு கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு ஓடியவள் நான்.

வெட்டுக்காரர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் அந்தப் பொடியைக் காட்டினேன். தீட்டுவது நின்றது.

"ரெண்டு நாளா கத்திட்டு கெடந்துது மக்களே. பாவம் தோணிச்சு. வீட்டுலேருந்து குப்பியில கொஞ்சம் பசும்பால் கொண்டு வந்தேன். இன்னும் விளக்கு போடல்ல, இருட்டு. கையில கிட்டின சிரட்டையில ஊத்திக் குடுத்துட்டு வெட்டப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தப்போதான் வெட்டு போட்ட சிரட்டையாக்கும்ணு கண்டேன்."

"டாக்டர் உங்க முன்னாலதானே கேட்டார்? அப்போ சொல்லியிருக்கலாம்ல அண்ணே?"

"பேடிச்சுப் போயிட்டேன். நீ கடிபட்டு நிக்க. நான் செஞ்சதாக்கும் இதுண்ணு எப்பிடி வாயத் தொறக்க?" கத்தியைத் துடைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இன்னொண்ணும் உண்டு. காலத்தேயே சொல்லியிருந்தா நீ ஊசி போடப் போயிருப்பியா? ஆசிட்தானேண்ணு வீட்டுல இருந்திருப்ப. அப்பறம் அதுக்கு மற்றதும் இருந்துதுண்ணா?"

அது அவர் பிறகு யோசித்துக் கண்டுபிடித்த சமாதானமா, அன்றே நினைத்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னது சரி. போயிருக்க மாட்டேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். ஆசிட் என்று தெரிந்தது நல்லது, மருந்தை மாற்றுகிறேன் என்றார். "அப்போ மற்றது?" என்றேன். "அதுக்கு நாள்தான் கணக்கு" என்றார். தாய் எங்கே, எந்தக் கரையிலிருந்து வந்தது, அந்த நாய் இதன் பக்கம் வந்ததா, எதுவும் யாருக்கும் தெரியாது. ஆசிட் நக்கிய பூனைக்கு வேறு நோய் இருக்கக் கூடாது என்று ஒன்றுமில்லை.

நாலாம் நாள் முந்நூற்றுப் பத்து கிராம். எடை இறங்கியிருந்தது. ஐந்தாம் நாள் காலை, நான் கேட்க முதன்முறையாகக் கத்தியது. குரல் கரகரவென்று, வயதான பூனையின் குரல் போல இருந்தது. குரல் மாறுவது அந்த நோயின் அடையாளங்களில் ஒன்று என்பதைப் படித்திருக்கிறேன். தொண்டை வெந்தாலும் குரல் மாறும் என்பதையும் அன்றுதான் படித்தேன். கூட்டுக் கம்பியைக் கடித்தது. பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்பியை எத்தனை முறை கடிக்கிறது என்று எண்ணினேன். என் தொண்டையிலும் ஏதோ அடைத்தது. ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து, அதை நேராகப் பார்த்து, குடித்தேன். இறங்கியது. அரை மணி கழித்து மறுபடி குடித்துப் பார்த்தேன். அன்று மட்டும் பதினொரு தம்ளர்.

கணவர் தினமும் இரண்டு முறை போன் செய்தார். முதலில் பூனையை விசாரிப்பார்.

"எனக்க எடத்துல கெடக்கியவ தின்னாளா?"

"அரை சிரிஞ்ச்."

"நீ?"

"தின்னேன்."

"தண்ணி குடிச்சியா?" இதைச் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்பார். அவரும் எதையோ படித்துக்கொண்டிருக்கிறார் என்று அதிலிருந்து தெரிந்தது.

ஆறாம் நாள் முந்நூற்று இருபது. ஏழாம் நாள் மூன்றாவது ஊசி. பூனை தானாகக் கிண்ணத்தில் நக்கியது. எட்டாம் நாள் எச்சில் நின்றது. ஒன்பதாம் நாள் வேகவைத்த மத்தி மீனின் வாசனைக்கு எழுந்து கம்பியருகே வந்தது. வெட்டுக்காரர் தினமும் வேலை முடிந்து பின்கட்டு வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். உள்ளே வர மாட்டார். "கெடக்கா?" என்பார். "கெடக்கு" என்பேன். போய்விடுவார்.

பத்தாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. காலையிலிருந்து மாலை வரை நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. சாயங்காலம் டாக்டர் வந்து, இந்த முறை ஒரே ஒரு கையுறையோடு வாயைத் திறந்து பார்த்து, "கொழப்பமில்ல, நல்லா இருக்கு" என்றார்.

பதினோராம் நாள் காலை ஆறு பத்துக்கு அது நானூற்று ஐந்து கிராம் இருந்தது. வெட்டுக்காரர் மூடியுள்ள பால் வாளியோடு வந்தார். மூடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டிருந்தார். தன் இரண்டு நாய்களையும் கட்டிப் போட்டுவிட்டதாகவும், மனைவி சமையலறையில் இடம் ஒதுக்கிவிட்டதாகவும் சொன்னார்.

"சானல் தாண்டியாக்கும் போவுது. திரும்பி வராது" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

வாளியை வாங்கி முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை மட்டும் இருந்தது. குட்டியை உள்ளே வைத்தேன்.

அவர் போனபிறகு போர்வையை எரித்தேன். பின்கட்டை ப்ளீச்சிங் பவுடர் போட்டு இரண்டு முறை கழுவினேன். பதினொரு மணிக்குக் கணவர் கூப்பிட்டார்.

"வரலாமா?"

"நாளைக்கி வாங்க. தரை காயட்டும்."

"உனக்கு?"

"ஒண்ணுமில்ல."

ஆஸ்பத்திரிச் சீட்டு குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பழைய தாளுக்குக் கீழே ஒட்டியிருந்தது. மூன்று கட்டங்களில் தேதி இருந்தது. நாலாவதற்கு இன்னும் பதினேழு நாள்.